பொணம் நடக்கிற சீடி

சீடி வாடகைக்கு விடற தொழில்ல, படம் நல்லா இருந்தா பேரு நடிச்சவனுக்கு, நல்லா இல்லன்னா திட்டு கடைக்காரனுக்கு. கடை வெச்சு நொந்தவங்களுக்கு இது தெரியும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் கடை வெச்சிருந்தப்போ, தமிழ்ல பேசற இங்கிலீஷ் படம் ஒண்ணு வாங்கினேன். செத்தவங்க எழுந்து வந்து கடிப்பாங்க, கடி பட்டவனும் அப்படியே ஆயிடுவான். அன்னியிலேர்ந்து ஒரே பேஜாரு.

செருப்பு போட்ட பேய்

காவாந்தண்டலத்துல நெல்லு பயிர் வெச்சிருந்த ஒருத்தர் சனிக்கிழமை எடுத்துக்கினு போனார். மறுநாள் நான் ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னார். "இன்னா பாய், பேய்ப் படம்னு ஏமாத்திட்டியே! பேய்க்குக் காலு தரையில படுமா? இது செருப்பு மாட்டிக்கினு தடுக்கி விழுந்து வருது. வேற குடு!"

பூசாரி பார்த்த வைத்தியம்

வேப்பிலை அடிச்சுப் பேய் ஓட்டற பூசாரி ஒருத்தர், தொழிலுக்கு ஆவும்னு வாங்கினு போனார். திருப்பிக் குடுக்கறப்போ மூஞ்சி சுண்டிப் போயிருந்துச்சு. "பாய், கடிச்சா ஒட்டிக்கிற பேய் எங்கனா கீதா? இது நாய்க்கடி. ஆஸ்பத்திரில ஊசி போடச் சொல்லு, நம்ம கையில இல்ல."

கருமாதி வூடு

எங்க பக்கம் கருமாதிக்கு முந்தின நாள், வந்த சனம் தூங்காம இருக்க டி.வி.யும் சீடி ஓட்டற டெக்கும் வாடகைக்கு எடுப்பாங்க. திருமுக்கூடல்ல ஒரு வூட்டுக்குச் சாமி படம் எடுத்துக்கினு போனேன். எங்கிட்ட இருந்தது ஒரே டெக்கு. அது போச்சுன்னா கடையை மூடிட்டு மாமனார் மளிகைக் கடையில மூட்டை தூக்கணும்.

விளக்கு வெச்சதும் படத்தைப் போட்டேன். எந்தப் புண்ணியவான் சாமி பட உறையில பொணப் படத்தை மாத்தி வெச்சுத் திருப்பிக் குடுத்தானோ, மண்ணுக்குள்ளேர்ந்து ஒரு கை நீட்டுது! பந்தல்ல இருந்த சனம் அலறிச்சு. சமையல்காரர் கரண்டியோட தெருவுக்கு ஓடினார். செத்தவரோட பெரிய பையன், "எங்க நைனா காரியத்துல கிண்டலா பண்றே?"ன்னு டெக்கைத் தலைக்கு மேல தூக்கிட்டான். எனக்கு உசுரே போயிடுச்சு. அல்லாவே, மளிகைக் கடைதான்னு கண்ணை மூடிக்கினேன்.

மூலையில சுருண்டு உக்காந்திருந்த அவன் அம்மா எழுந்து வந்து அவன் கையைப் புடிச்சாங்க. அழுது வீங்கின மூஞ்சில சிரிப்பு. "கீய வைடா. பொணமே இம்மாந் தூரம் நடக்குதே, உங்க நைனா உசுரோட இருந்தப்ப ரேஷன் கடை வரிக்கும் நடந்திருப்பாரா? முயுசாப் போடு பாய், பாக்கலாம்."

கடை நடத்தின வரைக்கும் செத்தவங்களால எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல, டிஸ்க்குல கோடு போட்டுத் திருப்பிக் குடுத்தவங்க அத்தினி பேரும் உசுரோட இருந்தவங்கதான்.