பெட்டி என்னைப் பிடித்த நாள்

என் வீட்டுக்காரி நட்சத்திரத்துக்குப் பொறி வைப்பவள். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லிச் சொல்லி நானே சிரித்திருக்கிறேன். எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் சாகும்போது காமாக் கதிர் கிளம்புமாம். கண்ணுக்குத் தெரியாது. காற்று மண்டலம் அதைத் தரைக்கு விடாது என்பதால் மேலே போய்த்தான் பிடிக்க வேண்டும். அதற்குச் செருப்புப் பெட்டி அளவு செயற்கைக்கோளில் ஒரு படிகக் கட்டி. கதிர் பட்டால் கட்டிக்குள் மினுக்கென்று ஒரு வெளிச்சம். அதை எண்ண வேண்டும். வெளி வெளிச்சம் புகாமல் அந்தக் கட்டிக்கு இவள் டேப் சுற்றுகிற பொறுமை, பஸ் ஓட்டுகிற எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

நாலு வருட உழைப்பு. அன்று மாலை ஐந்துக்குப் பெட்டி ஏவுதளத்துக்குக் கிளம்ப வேண்டும். கடைசிச் சோதனையில் தவறினால் ராக்கெட்டில் அதன் இடம் வேறு குழுவுக்கு. இந்த நேரம் பார்த்து எனக்கு நெஞ்சு வலி. அவளிடம் மூச்சு விடாமல், காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டு ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் அவள் மூக்குக் கண்ணாடி மேசையில் கிடந்தது. அவள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் வாசலில் இருந்த ஆளிடம் கொடுத்துவிட்டு, களைப்பாக இருந்ததால் சோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"டேப்ல ஓட்டைம்மா. எண்ணிக்கை எகிறுது. பிரிச்சு மறுபடி சுத்த நேரமில்ல" என்று அவளுடைய தலைமைப் பொறியாளர் சொல்வது கேட்டது.

பிறகு அவள் குரல்: "ஓட்டைன்னா திரையில கோடு கீழ்ப்பக்கம் கசகசன்னு இருக்கணும் சார். இது ஒரே இடத்துல செங்குத்தா நிக்குது. இது ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரியில ஊசியில ஏத்துற மருந்து, அதுவும் காமாக் கதிர்தான் விடும். யாரோ உடம்புல ஏத்திக்கிட்டுப் பக்கத்துல இருக்காங்க."

கதவு திறந்தது. வராந்தாவில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை. என் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள்.

"நெஞ்சா?"

"பெட்டி போகட்டும், அப்புறம் சொல்லலாம்னு..."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனை, இரண்டு அங்குலப் படிகக் கட்டி ஒன்று சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து பிடித்துவிட்டது. சாகிற நட்சத்திரத்திடமிருந்து வருவதும் என் நெஞ்சிலிருந்து வருவதும் அதற்கு ஒன்றுதான்.

"தெருக்கோடியில போய் நில்லுங்க. நான் வர்ற வரைக்கும் அசையாதீங்க" என்றாள்.

போய் நின்றேன். எண்ணிக்கை இறங்கியதாம். ஐந்து மணிக்குப் பெட்டியை ஏற்றிய வேன் என்னைக் கடந்து போனது. அதன் பின்னாலேயே அவள் வந்தாள்.

"கிட்ட வராத. இன்னைக்கு யார் பக்கத்துலயும் இருக்க வேண்டாம்னு டாக்டர் சொன்னார்."

"எவ்வளவு வருதுன்னு இப்பத்தான் எண்ணிட்டு வரேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.