மகள் தள்ளி உட்காராத மாதங்கள்

கரையைத் தனி நூலில் கோர்க்கும் கோர்வைப் புடவை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நான் நெய்வேன். பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவது என் மகள். ஏனாத்தூரில் கல்லூரி முதல் வருடம் படிக்கிறாள். காலையில் கிளம்பும்வரை என்னோடு இருப்பாள். மாதத்தில் மூன்று நாள் மட்டும் வர மாட்டாள். எங்கள் வீட்டில் தூரமான பெண் தறியைத் தொடக்கூடாது. அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் வந்து உட்காருவார். யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

வயசுப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். வாய் திறந்து பேசும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

இந்தக் கல்யாண சீசனில் இரண்டு மாதமாக அவள் ஒரு நாளும் தள்ளி உட்காரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பொம்பளைங்க சமாச்சாரத்த எங்கிட்ட ஏம்மா கொண்டாற?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். வீடு பற்றி எரிந்தாலும் அடுப்படிப் பக்கமா என்று கேட்டுவிட்டுத்தான் அந்த மனுஷன் எழுந்திருப்பார்.

மறுநாள் காலை தறியில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டேன்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"ரெண்டு மாசமா நீ தள்ளி உக்காரல. நான் என்ன குருடியா?"

புரிந்ததும் அவள் முகம் சுண்டிப்போனது. "எனக்கு மாசா மாசம் வந்துக்கினுதான்மா இருக்குது. தறியத் தொட்டா ஒண்ணும் ஆவாதுன்னு காலேஜ் ஃப்ரெண்டு சொன்னா. ஆர்டர் முடியணுமேன்னு உக்காந்தேன்."

போன உயிர் திரும்பியது. கூடவே எரிச்சலும் வந்தது. "இன்னும் என்னல்லாம் கேட்ட அவகிட்ட?"

"எல்லாந்தான். லவ்வு, பசங்க, எது சரி, எது தப்பு. அவளுக்கும் ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் போன்ல தேடிப் பாப்போம்."

"நான் நெனச்ச மாதிரி எதுனா ஆயிருந்தா?"

"அவகிட்டதான்மா சொல்லியிருப்பேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தளர்த்தியது. சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

"இனிமே எங்கிட்ட கேளு," என்றேன்.

நாடாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "சரி, கேக்கறேன். ஒருத்தன் புடிச்சிருக்குன்னு சொன்னா என்னம்மா பண்ணணும்?"

அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

"காலேஜுக்கு நேரமாச்சு, கெளம்பு," என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு போனாள். யாரிடம் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியும்.