லவினாவின் தும்மலும் முதல் பந்தி டிக்கெட்டும்

அடுகோடி வட்டாரத்தில் லவினா ஒரு தும்மல் போட்டால், மதுரைக்குப் போகிற விமானத்தின் டிக்கெட் விலை இரண்டாயிரம் ரூபாய் இறங்கிவிடும். சரி சரி, கண்ணை அப்படி உருட்ட வேண்டாம், கொஞ்சம் கூட்டித்தான் சொன்னது. ஒவ்வொரு தும்மலுக்கும் இறங்காது. ஒரே ஒரு தும்மலுக்கு இறங்கியது. அந்த ஒன்றில் ஒரு கல்யாணமே கவிழப் பார்த்தது.

பங்க்சர் கடைக்கும் ஃபாத்திமாவின் பேக்கரிக்கும் நடுவே, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்க வேண்டிய ஒரு கடை. அதுதான் லவினாவின் டிராவல்ஸ். சுவரில் சர்ச் காலண்டர். மேசையில் ஒரு பொம்மை விமானம், அதன் இடது இறக்கை ஃபெவிகால் புண்ணியத்தில் நிற்கிறது. பத்தொன்பது வருஷமாக ஊரையே வானத்தில் ஏற்றி அனுப்புகிறவள், தான் மட்டும் ஒரு தடவைகூட ஏறியதில்லை. கேட்டால், "சமையல்காரி பந்தியில உக்காருவாளா?" என்பாள்.

டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே உபதேசம்தான். "பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட ஊர் கேளுங்க, பிள்ளைங்க படிப்பு கேளுங்க. டிக்கெட் என்ன விலைன்னு மட்டும் கேட்டுடாதீங்க. இறங்குற வரைக்கும் வயிறு எரியும்."

அதனாலேயே அவள் அச்சடிக்கும் டிக்கெட்டில் விலை இருக்காது. விலையை மறைப்பதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு சின்னக் கட்டம் உண்டு, அதில் ஒரு டிக் போட்டால் போதும். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள் அந்த டிக் விட்டுப்போனது. அன்றைக்கு அவள் ஒரு கையில் ஃபாத்திமா கொடுத்த சூடான தில்பசந்த் இருந்தது. தேங்காய்ப் பூரணம் விரலில் வழியும்போது கட்டமாவது டிக்காவது!

அன்று வந்தது சந்திரம்மா. ஓசூர் ரோட்டு கார்மென்ட்ஸில் காலர் தைத்தே மகள் ரூபினியைப் படிக்க வைத்தவள். ரூபினிக்கும் ஹெப்பகோடி கோவிந்தப்பாவின் மகன் தேஜஸுக்கும் கல்யாணம், மதுரைப் பக்கம் சந்திரம்மாவின் குலதெய்வக் கோயிலில். "மாப்பிள்ளை வீட்டாரைப் பஸ்ஸில குலுக்கிக் கூட்டிட்டுப் போகமாட்டேன், பறந்துதான் போகணும்" என்று நிச்சயதார்த்தத்தில் சபை நடுவே சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்கு இப்போது ஒன்பது டிக்கெட் வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர், பெண் வீட்டார் நாலு பேர்.

லவினா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இங்க பாரு சந்திரம்மா. சீட்டு எல்லாம் ஒண்ணுதான், ஆனா அதை இழுப்பறை இழுப்பறையா பிரிச்சு வெச்சிருக்காங்க. குறைஞ்ச விலை இழுப்பறையில அஞ்சுதான் மீதி. ஒன்பதும் சேர்த்துக் கேட்டா, ஒன்பது இங்க இல்லையேன்னு மிஷின் எல்லாத்தையும் அடுத்த இழுப்பறையில இருந்து எடுக்கும். ஆளுக்கு நாலாயிரத்து அறுநூத்திப் பத்து. பிரிச்சுக் கேட்டா அஞ்சு பேருக்கு மட்டும் ஆளுக்கு மூவாயிரத்து இருநூத்தி நாப்பதோட முடிஞ்சிடும்."

"அப்ப பிரிச்சே போடுக்கா. ஆனா மாப்பிள்ளை வீட்டுப் பேரை முதல்ல போட்டுடு. அதுதானே மரியாதை?"

மரியாதை பண்ணப் போய்த்தான் வினை வந்தது. சந்திரம்மா பூரிப்போடு இரண்டு டிக்கெட்டையும் கல்யாண வாட்ஸப் குழுவில் போட்டாள். கோவிந்தப்பாவோ தொழிற்சாலையில் தரம் பார்க்கிற அதிகாரி. ஒரு போல்ட் மயிரிழை தடித்திருந்தாலும் திருப்பி அனுப்புகிற கண். அந்தக் கண் டிக்கெட்டின் அடியில் போய் நின்றது.

மறுநாள் காலை கடை திறந்து ஊதுபத்தி ஏற்றுவதற்குள் அவர் வந்து நின்றுவிட்டார். பின்னாலேயே சந்திரம்மாவும் ரூபினியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

"ஏனம்மா, ஒரே விமானம், ஒரே காத்து. உங்க ஆளுங்களுக்கு நாலாயிரத்து அறுநூறு, எங்களுக்கு மூவாயிரத்து இருநூறா? நாங்க என்ன ஆடித் தள்ளுபடிச் சரக்கா?"

"ஐயோ சம்பந்தி, கொஞ்சம் கேளுங்க..."

"எங்க அக்கா முத்தம்மா க்ரூப்ல சிரிக்கிற பொம்மை போட்டிருக்கா, பார்த்தீங்களா? மூணு பொம்மை! அவ முகத்துல நான் எப்படி முழிக்கிறது? நாங்க பஸ்லயே வர்றோம். இல்லேன்னா வரணுமான்னே யோசிக்கிறோம்."

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ரூபினி வாசலில் நின்று துப்பட்டா நுனியைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தாள்.

"இதைக் கேன்சல் பண்ணி ஒரே விலையில வேற போடுங்க" என்றார் கோவிந்தப்பா.

"பண்ணலாம்ணா. ஆளுக்கு முந்நூறு ரூபாய்தான் திரும்பும்."

"வாங்கினா மூவாயிரம், திருப்பிக் கொடுத்தா முந்நூறா? இது என்ன, பழைய பேப்பரா?"

லவினா பொம்மை விமானத்தைப் பார்த்தாள், காலண்டர் மாதாவைப் பார்த்தாள். மாதா கைவிடவில்லை.

"அண்ணா, உங்க வீட்டு விசேஷத்துல முதல் பந்தியில யாரை உக்கார வைப்பீங்க?"

"இது ஒரு கேள்வியா? பெரியவங்களை. சம்பந்தி வீட்டாரை."

"முதல் பந்திக்கு முழு அப்பளம், பாயசத்துல முந்திரி. கடைசிப் பந்திக்கு?"

"ரசம். அதுவும் தண்ணி ரசம்."

"விமானமும் பந்திதாண்ணா. முதல்ல உக்கார்றவங்களுக்குக் குறைஞ்ச விலை. இலை நிறைய நிறைய விலை ஏறும். சந்திரம்மா உங்க அஞ்சு பேரையும் முதல் பந்தியில உக்கார வெச்சாங்க. அவங்க நாலு பேரும் கடைசிப் பந்தியில, நாலாயிரத்து அறுநூறு கொடுத்துத் தண்ணி ரசம் குடிக்கிறாங்க. இதைப் போய் அவமரியாதைங்கிறீங்களே!"

கோவிந்தப்பாவின் மீசை லேசாக அசைந்தது. "அப்ப இன்னைக்கு வாங்கினா?"

"இன்னும் ஏறியிருக்கும். நீங்களே பாருங்க." திரையை அவர் பக்கம் திருப்பினாள். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து. கோவிந்தப்பாவின் முகம் மலர ஆரம்பித்தது. சந்திரம்மாவுக்கு மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்தா பக்கத்துக் கடையில் ஃபாத்திமா காரா பன்னுக்கு மிளகாயை எண்ணெயில் போட வேண்டும்? நெடி சுவரைத் தாண்டி வந்து லவினாவின் மூக்கில் ஏறியது. அவள் போட்ட தும்மலில் பொம்மை விமானத்தின் இறக்கை தனியாகப் பறந்தது. அவள் கை ஏதோ பொத்தானில் பட்டது. திரை ஒரு முறை கண் சிமிட்டிப் புது விலையைக் காட்டியது.

மூவாயிரத்து ஐம்பது!

எந்த ஊரிலோ எந்தக் கூட்டமோ வாங்கிய சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்திருக்கும், மிஷின் மலிவான இழுப்பறையை மறுபடி திறந்திருக்கும். அதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்? கடைசியாக வருகிறவனுக்கு முதல் பந்தியை விட மலிவு என்றால், முதல் பந்திக்கு என்ன மரியாதை?

லவினா ஒரே தாவாகத் தாவித் திரையை அணைத்தாள். போதாதென்று தன் துப்பட்டாவை அதன் மேல் போர்த்தினாள்.

"கரண்ட் போச்சு" என்றாள்.

தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கோவிந்தப்பா மெதுவாக அண்ணாந்து அதைப் பார்த்தார். பிறகு சந்திரம்மாவைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களால் அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போச்சுன்னா போச்சு. ஆய்த்து, விடுங்க" என்றார். "முதல் பந்தின்னு சொல்லிட்டீங்க. முத்தம்மாவுக்கு நானே சொல்லிக்கிறேன். ஏம்மா ரூபினி, துணியைத் தின்னது போதும். பக்கத்துல போய் எல்லாருக்கும் காரா பன் வாங்கிட்டு வா."

கல்யாணம் அமோகமாக நடந்தது. விமானத்தில் கோவிந்தப்பா முன் சீட்டுக்காரர், பின் சீட்டுக்காரர், சாண்ட்விச் விற்க வந்த பெண் வரை எல்லாரிடமும் "நாங்க முதல் பந்தி" என்று சொல்லிக்கொண்டே போனாராம். விமானி காதுக்கும் எட்டியதாகக் கேள்வி.

பத்து நாள் கழித்து லவினா கடையில் கூட்டம். ஃபாத்திமா கதவில் சாய்ந்து நிற்க, லவினா கையை வீசி வீசி இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரே தும்மல்! விலை இரண்டாயிரம் ரூபாய் இறங்குச்சு. அவர் பார்க்கிறதுக்குள்ள திரையை மூடிட்டேன். இன்னை வரைக்கும் அந்த மனுஷனுக்குத் தெரியாது!"

எல்லாரும் சிரித்தார்கள். ஃபாத்திமா மட்டும் சிரிக்காமல், "அக்கா, பின்னாடி" என்று கண்ணைக் காட்டினாள்.

வாசலில் லட்டு டப்பாவோடு கோவிந்தப்பா நின்றிருந்தார்.

"இரண்டாயிரம் இல்லைம்மா, ஆயிரத்து எண்ணூத்தி அறுபது" என்றார். "நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து, மூவாயிரத்து ஐம்பதாச்சு. முதல் பந்தியில உக்கார வெச்ச பிறகு இலையை விட்டு எழுந்திரிச்சா நல்லா இருக்குமா? அதான் பேசலை."