தொண்ணூற்றொன்பது பேரும் ஒரு புதுமுகமும்

பேஸ்போல் ஆட்டம் ஒன்றைக்கூட நான் இன்றுவரை முழுதாகப் பார்த்ததில்லை. ஆனாலும் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பருவத்தில் ஆடிய தொண்ணூற்றொன்பது அமெரிக்க ஆட்டக்காரர்களின் உயரம், நிறை, பிறந்த ஊர், எந்தக் கையால் எறிவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதே காலத்தில் என் மனைவியின் பிறந்தநாளை இரண்டு முறை மறந்திருக்கிறேன். இதை நான் சொல்லாவிட்டால் அவள் சொல்லுவாள்.

எல்லாம் ரொறொன்ரோவில் இருந்த அண்ணனால் வந்த வினை. அவர் எங்களுக்கு அனுப்பிய பொதியில், கம்பளி உடுப்புகளுக்கு நடுவே இரண்டு உறை பேஸ்போல் அட்டைகள் இருந்தன. ஒவ்வோர் அட்டையிலும் முன்னால் ஓர் ஆட்டக்காரரின் படம், பின்னால் எண்கள். அந்தப் பருவத்தின் நட்சத்திரங்கள் ஐம்பது, புதுமுகங்கள் ஐம்பது, ஆக மொத்தம் நூறு என்று உறையில் போட்டிருந்தது. நூறு என்று ஒருவன் அச்சடித்துவிட்டால் நூறும் என் கையில் இருக்க வேண்டும், அப்படி ஒரு புத்தி எனக்கு. மாதம் ஒரு கடிதம் எழுதி அண்ணனை அரித்தேன். "உனக்கு வயசு முப்பத்திநாலு, தெரியுமோ?" என்று கேட்டு எழுதிவிட்டு, அவரும் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

சுவிஸில், பேர்ண் நகரை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் இரண்டு அறை வீட்டில், சாப்பாட்டு மேசையில் அட்டைகளைப் பரப்பி வைத்து அகராதியோடு உட்காருவேன். எறிபவர்களின் அட்டையில் ஒரு நிரல் இருக்கும். அதில் எண் பெரிதாக இருந்தவர்களை மேல் வரிசையிலும், சிறிதாக இருந்த ஒருவரை ஒரு வருடம் கடைசியிலும் வைத்திருந்தேன். அது அவர் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் கணக்கு, குறையக் குறையத்தான் பெருமை என்பது பிறகுதான் தெரிந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு அது முதலிலேயே விளங்கியிருக்க வேண்டும். அந்த மனிதரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டு முதல் வரிசைக்கு ஏற்றினேன்.

"உங்களுக்கென்ன விசரே? நீங்கள் ஆரெண்டே அவங்களுக்குத் தெரியாது, நீங்கள் அவங்களை இடம் மாத்தி மாத்தி வைக்கிறியள்" என்றாள் மனைவி.

வேலை எனக்கு ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில். ஒருநாள் இடைவேளையில் அட்டை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, களஞ்சியத்துக்குப் பொறுப்பான சுவிஸ்காரர் பின்னால் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். காலை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் கூடக் கதைக்காதவர். வாலிபத்தில் ஒரு வருடம் அமெரிக்காவில் இருந்தாராம். அதே நூறு அட்டைகளைத்தான் அவரும் சேர்க்கிறாராம். அவருக்கு ஒரு நட்சத்திரம் குறைவு. அது என்னிடம் இரண்டு இருந்தது. எனக்கு ஒரு புதுமுகம், இடக்கையால் எறியும் ஒரு பொடியன், குறைவு. அது அவரிடம் இரண்டு இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வீட்டுக்கு வாருங்கள், மாற்றிக்கொள்வோம்" என்றார். வீடு, ரயிலில் போகவேண்டிய சோலோதுர்ன் என்ற ஊரில்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணத்தில் நூறாவது அட்டை எனக்குப் பெரிதாகவே படவில்லை. இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடம். சுவிஸ்காரர் வீட்டுக் கழிப்பறைகளைக் கழுவியிருக்கிறேன், ஒருவருக்குத் தளபாடம் தூக்கி ஏற்றியிருக்கிறேன். விருந்தாளியாக ஒரு வீட்டில் உட்கார்ந்ததில்லை. போகிற இடத்தில் மரியாதை கெடக்கூடாது, அவர் என்னை ஒரு கூட்டாளியாக நினைக்க வேண்டும். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். எனக்கு வெட்கமும் இருந்தது, ஆசையும் இருந்தது.

ஆகவே அட்டைகளைக் கௌரவமாகக் கொண்டுபோக வேண்டும். எங்கள் ஆட்களுக்கு ஒரு காகிதத்தின் மேல் மரியாதை வந்தால் அடுத்து செய்வது ஒன்றுதான். பேர்ண் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்த தமிழ்க் கடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு லமினேட் மெஷின் இருந்தது. சாதகம், பிறப்புச் சான்றிதழ், வேலை ஒப்பந்தம், சாமிப்படம் எல்லாம் அதற்குள் போய்ப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிச் சுடச்சுட வெளியே வரும்.

"எல்லாத்தையும் போடுறதோ?" என்றார் கடைக்கார அண்ணை.

"ஓம் அண்ணை, ஒண்டும் விடாமல் போடுங்கோ."

மாற்றப்போகிற நட்சத்திரத்துக்கு மட்டும் தடித்த பிளாஸ்டிக் போடச் சொன்னேன். ஓரங்களை நானே கத்தரிக்கோலால் அளவாக வெட்டினேன். மனைவிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முதியோர் இல்லத்தில் வேலை. காலையிலேயே மீன் கட்லெட் பொரித்து டப்பாவில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். நாற்பது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்து, அவர்கள் தெருவை நான்கு முறை சுற்றினேன். பொலிசுக்கு யாரும் போன் அடிக்காதது என் அதிர்ஷ்டம்.

அவருடைய மனைவி கோப்பி கொண்டுவந்து, நான் கொடுத்த கட்லெட் டப்பாவையும் மேசையில் திறந்து வைத்தார். அட்டைக் கட்டைப் பெருமையோடு எடுத்து வைத்தேன். அவர் மேல் அட்டையைத் தூக்கினார், திருப்பினார், நகத்தால் ஓரத்தைத் தட்டினார்.

"இது என்ன?"

"லமினேட் பண்ணினேன்" என்றேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"எல்லாவற்றையுமா?"

"எல்லாவற்றையும்."

ஒரு பிணத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பசை காகிதத்தோடு ஒட்டிவிட்டது, இனிப் பிரிக்க முடியாது, சேர்ப்பவர்கள் யாரும் இதைத் தொடமாட்டார்கள் என்று மெதுவாக, எனக்கு விளங்கும் ஜெர்மனில் சொன்னார். நான் நம்பவில்லை. அவருடைய பேனாக்கத்தியை வாங்கி ஒரு மூலையைக் கிளப்பிப் பார்த்தேன். நட்சத்திரத்தின் தாடை பிளாஸ்டிக்கோடு வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. காது இரண்டும் எரிந்தன. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்றார். கோபமாக இல்லை, உண்மையிலேயே அறிய வேண்டும் என்பதுபோல.

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். சண்டைக்குப் பயந்து ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிட்ட அன்று மழை. இடுப்பில் செருகியிருந்த சான்றிதழ்கள் எல்லாம் கூழாகிப் போயின. பிளாஸ்டிக்குக்குள் இருந்த அடையாள அட்டை மட்டும் தப்பியது. இங்கே அகதி விசாரணையில், நான்தான் நான் என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

அவர் தலையாட்டினார். பிறகு, "ஆனாலும் என்னால் மாற்ற முடியாது" என்றார். நியாயமான மனிதர். நான் அட்டைகளைத் திரும்ப அடுக்கத் தொடங்கினேன்.

அப்போது அவர் மனைவி கட்லெட் எண்ணெய் பட்ட விரலோடு என் கட்டை எடுத்தார். "என் கணவருடையதை நான் தொடவே கூடாது. இது யார்?" என்று கேட்டார். சொன்னேன். "இவர்?" அதையும் சொன்னேன். ஓர் இடத்தில் நான் பிழையாகச் சொல்ல, கணவர் குறுக்கே வந்து திருத்தினார். நான் விடவில்லை. அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினேன், அவர் தன் அட்டைகள் அடுக்கிய அல்பத்தைக் கொண்டுவந்தார். தொண்ணூற்றொன்பது பேரையும் முடிக்க ஆறரை ஆகிவிட்டது. டப்பாவில் ஒரு கட்லெட்டும் மிஞ்சவில்லை.

வாசலில் சப்பாத்துப் போடும்போது அவர் டயறியை எடுத்தார். மனைவியையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றார். பக்கங்களைப் புரட்டி, ஐந்து கிழமை தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் என்றால் நாளைக்கே சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வேலை முடிந்து வந்திருந்தாள்.

"அட்டை கிடைச்சதோ?"

"இல்லை. என்ரையும் எல்லாம் பழுதாப் போச்சுதாம்."

"பிறகேன் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறியள்?"

இந்த நாட்டில் என் பெயரை அதுவரை எழுதியவர்கள் விசாரணை அதிகாரி, அகதி முகாம் பொறுப்பாளர், வதிவிட அனுமதி புதுப்பிக்கும் அலுவலகப் பெண், பல் வைத்தியரின் உதவியாளர். இதை எப்படி அவளுக்குச் சொல்வதென்று தெரியவில்லை.

"அந்த மனுசன் டயறியில எழுதினவர்" என்றேன்.

"என்னத்தை?"

"என்ரை பேரை."