கிணற்றில் விட்ட விரால்

நாரத்தை இலையைக் கசக்கிக் கையில் தேய்த்தால் மீன் வாடை போய்விடும். ஆனால் நகத்துக்கு அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு ஆற்று மணலை ஈரத்தோடு அள்ளி விரல் நுனிகளைத் தேய்க்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெரு ஒன்றில், வெங்காயம்கூட வாசல்படி தாண்டாத வீட்டில் பிறந்த எனக்கு இது தெரிந்திருப்பதற்குக் காரணம், சிறுவனாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறை முழுவதும் நான் மீன் பிடித்துக்கொண்டிருந்ததுதான். பிற்பாடு கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்தினேன்; அந்த விடுமுறையில் கற்றதைப்போல எதையும் அவ்வளவு ஆசையாகக் கற்றதாக நினைவில்லை.

கற்றுக்கொடுத்தவன் தங்கராசு. என் வகுப்பில் படித்தவன். அவன் அப்பாவுக்கு மேலூரில் வாழைத்தோட்டம் இருந்தது. பங்குனி முடிந்தால் வாய்க்காலில் ஓட்டம் நின்றுபோய், பள்ளமான இடங்களில் மட்டும் தண்ணீர் தேங்கி நிற்கும். தோட்டத்துக்குப் பின்னால் அப்படி ஒரு தேக்கம். அதை அவர்கள் "மடு" என்பார்கள். வாழைத்தாரை வெட்டியபின் சாய்த்துப் போட்ட மரங்களை வரிசையாக அடுக்கி, குறுக்கே மூங்கில் குச்சிகளைக் குத்தி, நாரால் இறுக்கிக் கட்டினால் தெப்பம் தயார். இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் இடுப்புவரை தண்ணீருக்குள் இருப்போம், ஆனால் முழுகாது. ஆளுக்கொரு தென்னை மட்டையால் துழாவுவோம். அவன் கைக்கு வலு அதிகம் என்பதால் தெப்பம் நேராகப் போகாமல் என் பக்கமாகவே வட்டமடிக்கும்.

"பெருமாளாட்டம் உக்காந்திருந்தா எப்படி? மட்டையப் போடுடா சாமி. கோயில் தெப்பம்கூட இத்தனை சுத்து சுத்தாது" என்பான் தங்கராசு.

அவன் தூண்டிலுக்கு மண்புழு கோர்ப்பான். எனக்கு முதலில் அது கூசியது. அதனால் கோயிலில் விற்கும் தடித்த தோசையைக் கிள்ளி உருட்டிக் கோர்த்தேன். சோறு தண்ணீரில் கரைந்துவிடும், தோசை நிற்கும். கெண்டைகள் அதை விரும்பித் தின்றன என்பதைச் சிரத்தையாகவே இங்கே எழுதி வைக்கிறேன். பெருமாள் பிரசாதத்தைத் தூண்டிலில் கோர்த்தது பாவம் என்று அன்று தோன்றவில்லை. இன்றும் அது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. பெரிய குற்றம் வேறு.

மடுவில் மீன் மட்டுமா இருந்தது. நட்டு வைத்த கழியின் நுனியில் ஒரு மீன்கொத்தி தினமும் வரும், நாங்கள் தூண்டிலைப் போட்டபிறகுதான் அது பாயும், எங்களுக்கு முன்னால் மீனோடு போய்விடும். கரையில் மடையான் கொக்கு மண் நிறத்தில் நின்றுகொண்டிருக்கும். பறக்கும்போதுதான் அது வெள்ளை என்று தெரியும். தண்ணீர்ப்பாம்பு தலையை மட்டும் தூக்கிக்கொண்டு தெப்பத்தைக் கடந்து போகும்போது இருவரும் காலை மேலே இழுத்துக்கொள்வோம். நண்பகலில் எருமைகள் இறங்கிவிட்டால் அன்றைய மீன்பிடி முடிந்தது. நாங்களும் எருமைகளோடு சேர்ந்து கிடப்போம்.

பிடித்ததெல்லாம் தங்கராசு வீட்டுக்குப் போகும். "ஐயர் வூட்டுப் புள்ள புடிச்ச மீனு, குழம்பு தனி ருசியா இருக்கு" என்று அவன் அம்மா என்னைச் சீண்டுவார். நாங்கள் ஐயர் அல்ல, ஐயங்கார் என்று நான் திருத்துவேன். "எதுவா இருந்தா என்னா, மீனு ஒண்ணுதானே" என்பார்.

வீட்டில் இது யாருக்கும் தெரியாது, மன்னி ஒருத்தியைத் தவிர. மன்னி என்றால் என் அண்ணன் மனைவி பத்மா. அந்த ஆண்டு தை மாதம்தான் கல்யாணம் ஆகி வந்திருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்று அவள் ஊர். மீன் பிடித்துவிட்டு நான் முதல் நாள் கொல்லை வழியாக உள்ளே நுழைந்தபோது, "கையைக் காட்டு" என்றாள். காட்டினேன். முகர்ந்து பார்த்தாள். நாரத்தை மரத்திலிருந்து இரண்டு இலையைக் கிள்ளித் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன்பின் நான் திரும்பும் நேரத்துக்கு அந்தக் கல்மேல் இலை இருக்கும். சில நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்பாள்: "தண்ணி எவ்வளவு ஆழம்டா? தெப்பம் ரெண்டு பேரைத் தாங்கறதா? அடியில மணலா, சேறா?" நான் பெருமையோடு பதில் சொல்வேன். எதற்காகக் கேட்கிறாள் என்று யோசித்ததே இல்லை.

ஒரு நாள் என் தூண்டிலில் விரால் விழுந்தது. அதற்குள் எனக்கு மண்புழு கூச்சம் விட்டிருந்தது. மீன் என் முழங்கை நீளம் இருக்கும். கரும்பச்சை முதுகு, பாம்புத் தலை, வயிற்றோரம் மங்கலான பட்டைகள். அதைக் குழம்பாக நினைத்துப் பார்க்க மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிணற்றில் விடப்போகிறேன் என்றேன்.

எங்கள் கொல்லைக் கிணற்றில் பொடி மீன்கள் உண்டு. கொசுவுக்காக யார் எப்போது விட்டதோ தெரியாது. வாளி இறங்கும்போது சிதறி, மறுபடியும் கூடும். கிணற்றில் மீன் ஓடினால் தண்ணீர் சுத்தம், பெருமாளுக்கு ஆகும் என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

"விரால உடாதடா. அது மத்த மீனையெல்லாம் தின்னுடும்" என்றான் தங்கராசு.

"தினம் தோசை போடுவேன். பழகிடும்" என்றேன்.

"நீ தயிர்சாதம் போட்டா அது பூணூல் மாட்டிக்குமா?" என்று அவன் தெப்பத்தில் புரண்டு சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிற எதுவும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத்தான் சாப்பிடும் என்று நான் நிஜமாகவே நம்பினேன். பூனைகூடத் தயிர்சாதம்தான் தின்றது. தூக்குப் பாத்திரத்தில் மடுத் தண்ணீர் நிரப்பி விராலைக் கொண்டுவந்து, எல்லோரும் மத்தியானம் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் கிணற்றில் விட்டேன். தினமும் தோசை போட்டேன். தோசை மிதந்தது. பொடி மீன்கள் குறைந்துகொண்டே வந்து, ஒரு காலை நான் எட்டிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. விரால் எங்கோ அடியில் கிடந்தது. மூச்சு வாங்க எப்போதாவது மேலே வந்து "டப்" என்று ஒரு சத்தம், உடனே உள்ளே.

மீன் இல்லாததை முதலில் கவனித்தது அத்தை. அப்பாவின் அக்கா, எங்களோடுதான் இருந்தாள், வீட்டில் மடி ஆசாரம் எல்லாம் அவள் பொறுப்பு. "கிணத்துல ஜீவனே இல்லையே. இத்தனை வருஷத்துல இப்படி ஆனதில்லை" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தாமல், "புதுசா வந்தவ கைதான் பட்டிருக்கு. விலகி இருக்கற நாள்ல தாம்புக்கயித்தைத் தொட்டிருப்பா" என்றாள்.

மன்னி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "தொடலை அத்தை" என்றாள், அவ்வளவுதான். அண்ணன் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தான், தொடர்ந்து படித்தான். இனிமேல் பெருமாள் திருவாராதனப் பூஜைக்கும் தளிகைச் சமையலுக்கும் காவேரித் தீர்த்தம்தான் என்று முடிவாயிற்று. கொண்டுவர வேண்டியவள் யார் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. மறுநாள் விடியற்காலையிலிருந்து மன்னி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். கோடையில் காவேரி மணலுக்கு நடுவே ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். அதுவரை மணலில் நடந்து போய் மொண்டு வரவேண்டும்.

நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடம் பயம் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது வேறொன்று: விடுமுறை இன்னும் மிச்சமிருந்தது. உண்மையைச் சொன்னால் மேலூர் போய்விடும், மடு போய்விடும். அதனால் மன்னி குடம் சுமப்பதைப் பார்த்துக்கொண்டே நான் மீன் பிடிக்கப் போனேன். திரும்பி வரும்போது கல்மேல் நாரத்தை இலை இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் திறந்து சில நாளில் மன்னியின் அப்பா பெண்ணைப் பார்க்க வந்தார். ஒரு கூடை மாம்பழமும் வந்தது. அவர் கூடத்தில் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை, "உங்க பொண்ணு வந்த முகூர்த்தம், எங்காத்துக் கிணறே செத்துப்போச்சு" என்றாள். அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். மேல்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "குழந்தை தெரியாம ஏதாவது பண்ணியிருந்தா, நீங்கதான் பொறுத்துக்கணும்" என்றார். பாதி காப்பியை விட்டுவிட்டு எழுந்தார். மன்னி வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்காமலிருக்கக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

விராலை எப்படி வெளியே எடுப்பது என்று மறுநாள் தங்கராசிடம் கேட்டேன். "விராலுக்குத் தவளைக்குஞ்சு கோத்து உடணும். உங்க ஊட்டு தோசையெல்லாம் அது சீந்தாது" என்றான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீடு உறங்கும் நேரம், தூண்டில் நரம்பைக் கிணற்றில் இறக்கினேன். வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மேலே வந்த விரால், கிணற்றில் விட்டபோது இருந்ததைவிடக் கொழுத்திருந்தது. அதே தூக்குப் பாத்திரத்தில் மேலூருக்குக் கொண்டுபோய்த் தங்கராசு அம்மாவிடம் கொடுத்தேன், மடுவில் பொடி மீன்களைத் துணியால் அரித்துக் கொண்டுவந்து கிணற்றில் விட்டேன். சில நாளில் அத்தை அவற்றைப் பார்த்துவிட்டு, "பெருமாள் கண் திறந்துட்டார்" என்றாள். கிணறு மறுபடியும் புழக்கத்துக்கு வந்தது. மன்னியின் குடம் பரணுக்குப் போயிற்று. அவளிடமோ அவள் அப்பாவிடமோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. விராலை எடுத்ததோடு தப்பைச் சரிசெய்துவிட்டேன் என்று வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் மீன் பிடிக்கப் போகவில்லை என்று எழுத ஆசைதான், போனேன்.

இப்போது எங்கள் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அதில் ஒரு வீடு எனக்கு. கிணற்றைக் கான்கிரீட் பலகையால் மூடி, மேலே யாரோ காரை நிறுத்துகிறார்கள். நாரத்தை மரம் இல்லை. மேலூர் மடு இருந்த இடத்தை நானே தேடிப்போய்க் கண்டுபிடிக்க முடியவில்லை. மனைகளாகப் பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். தங்கராசு காலமாகிவிட்டான் என்று தாமதமாகத்தான் தெரிந்தது. அண்ணனும் இல்லை. மன்னி புத்தூரில் மகளோடு இருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மகள் மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில், முன்பின் எதுவும் பேசாமல், கிணற்றில் விராலை விட்டது நான்தான் என்று சொன்னேன்.

மன்னிக்குக் காது கொஞ்சம் மந்தம். இரண்டாம் தடவை சொன்னேன். தோள் குலுங்கச் சிரித்தாள்.

"விராலா? அத்தை அதுக்கு ஹோமம் பண்ணணும்னாளேடா."

"உங்க அப்பாகிட்ட அத்தை சொன்னது..." என்று இழுத்தேன்.

சிரிப்பு நின்றது. "அது எனக்கு மறக்கலை. அப்பா காப்பியைக் குடிக்காம போனது மறக்கவே இல்லை. ஆனா மீன் இருந்திருந்தாலும் அவ வேற ஏதாவது சொல்லியிருப்பா. அதுக்கு நீ வேணும்னு இல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மீன் அப்புறம் என்ன ஆச்சு? தானா செத்துதா?" என்று கேட்டாள்.

இந்தக் கதையில் எனக்கென்று இருந்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்பதால் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். "நான்தான் எடுத்தேன் மன்னி. தூண்டில் போட்டு."

"அதை ஏன்டா எடுத்தே?"

எனக்குப் புரியவில்லை.

"கார்த்தால காவேரிக்குப் போவேன். குடத்தை மணல்ல கவுத்து வெச்சுட்டு முழங்கால் தண்ணில நிப்பேன். பொடி மீன் வந்து காலைக் கொத்தும். கொக்கு பக்கத்துலயே மேயும், பயப்படாது. யாரும் கூப்பிட மாட்டா. கல்யாணம் ஆகி வந்தப்புறம் எனக்குன்னு இருந்தது அந்த ஒரு பொழுதுதான். ஒரு நாள் உடம்பை முழுக்க நனைச்சுண்டு வந்து, வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன். நீஞ்சினேன்டா." சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆடிப்பெருக்குக்குப் புதுத் தண்ணி வர வரைக்குமாவது அதை விட்டு வெச்சிருக்கக் கூடாதா நீ?"

தண்ணீர் எவ்வளவு ஆழம், அடியில் மணலா சேறா என்று அவள் கேட்டதெல்லாம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வீட்டில் தண்ணீரின் சுகம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். எதற்கோ மன்னிப்புக் கேட்கத் தயாராகப் போனவனுக்கு, கேட்கவேண்டியது வேறு என்று தெரிந்தது. வருகிற ஆடிக்குக் காவேரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். படி இறங்க முழங்கால் விடாது என்றாள்.

கிளம்பும்போது, "கையைக் காட்டு" என்றாள். நீட்டினேன். இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"வெறும் சோப்புதான்" என்று சொல்லிக் கையை விட்டாள்.