பெயர் ஒட்டாத புட்டிகள்

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணி வரைக்கும், என் சித்தியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வயது ஐம்பத்திரண்டு. பேருந்துப் பணிமனை மெக்கானிக்கின் மனைவி. மாடி வீட்டுச் சமையலறையில், ஜன்னலோர மேஜையில் ஒரு சின்ன ஓவனை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடமாக வெண்ணெய் பிஸ்கட் சுடுகிறவள். சர்க்கரைப் பொடி ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மைதா மூன்று. முட்டை கிடையாது, சோடா கிடையாது. வாயில் போட்டால் கடிக்க வேலையில்லை, தானாக உதிர்ந்துவிடும். எலுமிச்சை, காபி, எள், தேங்காய், சுக்கு என்று ஐந்து ருசி. அவளைவிட ஏழெட்டு வயது மூத்த தபால்காரர்கூட அவளை ‘பிஸ்கட் சித்தி’ என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா போன பிறகு எனக்கு வீடு என்றால் அதுதான். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, போன மாதம் இரண்டு பையோடு அங்கே போய் இறங்கினேன். வந்த அன்றைக்கே சித்தி ஒரு தட்டு பிஸ்கட்டை முன்னால் வைத்து, நான் தின்பதையே இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குச் சும்மா உட்கார வராது. இரண்டாம் வாரமே அவள் அலமாரியில் கை வைத்தேன். ஊறுகாய் பாட்டில், மருந்து டப்பா, நெளிந்த தகர டின் என்று ஒன்றோடொன்று ஒட்டாத உருவங்களில் பொடிகள் இருந்தன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே அளவில் கண்ணாடிப் புட்டிகள் வாங்கி வந்து மாற்றினேன். வாடகை அறைகளில் நானே சமைத்துத் தின்ற காலத்தில் என்னைக் காப்பாற்றிய பூண்டுத் தூளும் அதில் ஒரு புட்டியில் ஏறியது.

"பேர் எழுதி ஒட்டிடுடி," என்றாள் சித்தி.

"எதுக்கு சித்தி? மூடியைத் திறந்தா வாசனையே சொல்லிடுமே."

அவள் மறுநாளும் கேட்டாள். "ஒட்டறேன், ஒட்டறேன்" என்றேன். "சரி, எது எங்க இருக்குன்னாவது சொல்லு," என்றாள். இடது ஓரம் சுக்கு, வலது ஓரம் பூண்டு என்று விரல் நீட்டிச் சொன்னேன். புதன்கிழமை நானே சூப் வைத்தேன். பூண்டுப் புட்டியை எடுத்தது ஞாபகம் இருக்கிறது. திரும்ப எங்கே வைத்தேன் என்பதுதான் ஞாபகம் இல்லை.

வியாழக்கிழமை பிஸ்கட்டை ருசி பார்க்க வரவிருந்தவர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய டீக்கடையின் கடைக்காரம்மா. அவர் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். அதில் இடம் பிடிக்க சித்தி ஒரு வருடமாக நடையாய் நடந்திருந்தாள். "தெருவுல தெரிஞ்சவங்க வாங்கறது பழக்கத்துக்கு. முகம் தெரியாத ஒருத்தன் ரயிலுக்கு ஓடற அவசரத்துல நின்னு இன்னொண்ணு கேக்கணும்டி," என்பாள்.

அன்று காலை ஐந்து தட்டும் இறங்கின. தட்டு இறங்கியதும் முதல் பிஸ்கட் கீழ்வீட்டுத் தையல்காரருக்குப் போவது வழக்கம். வாயில் குண்டூசிகளோடு உட்கார்ந்திருக்கும் மனிதர், அவற்றை எடுத்து வைத்துவிட்டுத் தின்பார். சித்தி நின்று பார்த்துவிட்டு மேலே வருவாள். நல்ல மனசு என்று நினைத்திருந்தேன். அன்று அவர் கடை பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பிஸ்கட்டோடு திரும்பி வந்த சித்தியின் முகம் சரியில்லை.

"என்ன சித்தி, பரீட்சைக்குப் போற பொண்ணு மாதிரி இருக்க?"

"நீ ஒண்ணு தின்னு பாரேன்."

"இப்பதான் பல் விளக்கினேன். அந்தம்மா சொல்லட்டும், போ."

கடைக்காரம்மா வந்தார். குடையைக் கதவில் மாட்டிவிட்டு, மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, எலுமிச்சையை எடுத்தார். தலை மெல்ல ஆடியது. காபி, எள், தேங்காய். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் தண்ணீர். கடைசியாகச் சுக்கு.

அவர் தாடை பாதியில் நின்றது. கண் அகன்றது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு எழுந்து தொட்டிக்கு ஓடினார்.

"காரம் தூக்கலா போச்சா மேடம்?" என்று சித்தி அதே தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். "நல்லாத்தானே இருக்கு?"

நான் ஒன்றைக் கடித்தேன். சர்க்கரையும் வெண்ணெயும் பூண்டும். இரண்டு முறை துப்பியும் நாக்கை விட்டுப் போகவில்லை. அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்தே அறை முழுக்கப் பூண்டு வீசிக்கொண்டிருந்தது; நேற்றைய சூப்பின் மிச்சம் என்று நான் நினைத்திருந்தேன். கடித்த பிறகு யாருக்கும் தப்பாது. சித்தியோ இன்னொரு பிஸ்கட்டைக் கையில் எடுத்திருந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"சித்தி, அது பூண்டு."

அவள் கையிலிருந்த பிஸ்கட் மேஜையில் விழுந்து மணலாக உதிர்ந்தது.

நான் முந்திக்கொண்டேன். "மேடம், தப்பு என்னுது. நான்தான் புட்டியை மாத்தி வச்சுட்டேன். சித்திக்கு இன்னைக்கு ஜலதோஷம்."

தப்பிக்க அது போதும். கடைக்காரம்மாவும் அதை நம்பத் தயாராகத்தான் இருந்தார். சித்தி தலையை ஆட்டியிருந்தால் ஜாடி அவளுடையது.

"ஜலதோஷம் இல்ல," என்றாள் சித்தி. "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு. அன்னைக்குப் போன மூக்கு வரவே இல்ல. நாக்குல இனிப்பு, உப்பு மட்டும்தான் நிக்குது. மத்ததெல்லாம் ஈரத் துணிய மெல்ற மாதிரி."

இரண்டு வருடம்! ராத்திரி படுக்கப் போகும்முன் அவள் சிலிண்டர் மூடியை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பாள். வயசாகுது, சந்தேக புத்தி என்று நானும் சித்தப்பாவும் கேலி செய்வோம். கேஸ் கசிந்தால் அவளுக்கு வாசனை தெரியாது. அதனால் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

கடைக்காரம்மா மறுபடி உட்கார்ந்தார். எழுந்து போயிருக்க வேண்டிய மனுஷி. எலுமிச்சை பிஸ்கட்டை எடுத்து இரண்டாவது தடவை கடித்தார். அப்புறம் காபி. முகத்தில் திகைப்பு குறையவே இல்லை, அதன் ரகம் மட்டும் மாறியிருந்தது.

"அப்ப இதையெல்லாம் எப்படிங்க செஞ்சீங்க?"

"ஒரு தட்டுக்கு ரெண்டு பழத் தோல், பச்ச நிறம் கண்ணுக்குத் தெரியும். காபி கரண்டிக் கணக்கு. ஓரம் சிவந்தா போதும், தட்டுல தட்டினா சத்தம் மாறும். கடைசியில தையல்காரர். அவர் புருவம் ஏறினா சரி. ரெண்டு புருவமும் சேர்ந்தா தப்பு."

"அவருக்குத் தெரியுமா?"

"ஓசியில கிடைக்குதுன்னு தின்னுட்டு இருக்கார் பாவம்."

கடைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "என்கிட்ட ஏன் சொன்னீங்க? அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே விட்டிருக்கலாமே."

"உங்க ஜாடியில வச்சப்புறம் இன்னொரு நாள் பூண்டு வந்தா? முகம் தெரியாதவன்ல திம்பான்."

குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "எலுமிச்சையும் காபியும் மட்டும் திங்கட்கிழமை கொண்டு வாங்க. ஒரு மாசம் பார்ப்போம். தையல்காரர் ஊருக்குப் போனா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அன்னைக்கு ஜாடி காலியா இருக்கட்டும்."

மத்தியானம் சாப்பிட வந்த சித்தப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். பிசைந்த கை அப்படியே நின்றது.

"ரெண்டு வருஷமாவா? ஒரே வீட்டுல இருக்கேன், என்கிட்ட கூடவா சொல்லல?"

"உங்க மூஞ்சிய வச்சு எதைக் கண்டுபிடிக்க? கல்லைப் போட்டாலும் ‘ம்’ தான். நீங்க ருசி சொல்ற ஆளா இருந்தா நான் ஏன் மாடிப்படி இறங்கப் போறேன்?"

சித்தப்பா குனிந்து சாப்பிட்டார். இரண்டு வாய் கழித்து, "ரசத்துல உப்பு இல்லம்மா," என்றார் மெதுவாக. முப்பது வருடத்தில் முதல் தடவை. சித்தி உப்பு ஜாடியைத் தேடி எழுந்தாள்.

சாயங்காலம் புட்டிகளுக்கெல்லாம் கொட்டை எழுத்தில் பெயர் எழுதி ஒட்டினேன். பூண்டுப் புட்டி என் பைக்குள் போனது. சித்தி புது மாவு பிசைந்து, சுக்குப் போட்டு, ஒரு தட்டு சுட்டாள். முதல் பிஸ்கட் என் கைக்கு வந்தது.

எதிரே நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் வந்த முதல் நாள் பார்த்த அதே பார்வை. நான் அன்று கண் கலங்கியது ஞாபகம் வந்தது. பாவம், அந்தத் தட்டில் என்ன கோளாறோ என்று எத்தனை பயந்திருப்பாள்.

"நல்லா இருக்கு சித்தி."

"வாயால சொல்லாத," என்றாள். "பேசாம மெல்லு. நான் பார்த்துக்கறேன்."