முகர்ந்து பார்த்த டீசல்

பிரசவ வலியில் துடித்த மனைவியோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், இரவல் வேனில் டீசல் தீர்ந்துவிட்டது. எதை ஊற்றினாலும் ஓடும் என்ற நினைப்பில், அவசரத்துக்கு உதவுமென்று எடுத்துவந்த பெட்ரோல் கேனைத் திறந்தேன். அந்த வழியாக வந்து லொறியை நிறுத்திய டிரைவர் ஒருவர், பெட்ரோல் வாடை பட்டதும் ஓடிவந்து கேனைப் பறித்தார். பெட்ரோல் கிடைக்காத காலம். திருடன் என்றே நினைத்து அவர் சட்டையைப் பிடித்தேன்.

"இது டீசல் வண்டிங்க. டீசலோட எண்ணெப்பசையிலதான் பம்பு ஓடுது. பெட்ரோல் ஊத்தினா பம்பு காய்ஞ்சு புடிச்சுக்கும், அப்புறம் வண்டி நகராது," என்றார்.

நான் நம்பவில்லை. தன் லொறியிலிருந்து அவர் டீசல் எடுத்துவந்தபோதும், மண்ணெண்ணெயோ என்று முகர்ந்து பார்த்தேன்.

"நல்லா பாத்துக்கங்க," என்றார் கோபமில்லாமல். பிறகு அவரே ஊற்றி, டீசல் தீர்ந்ததால் பம்பில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றி, வேனைக் கிளப்பிக் கொடுத்தார்.

மகள் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தாள். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. கேட்கத் தோன்றாத அளவுக்கு அவரைச் சந்தேகப்பட்டேனே என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.